ஊர்ப் பங்கு எங்கே?

விருதுநகர் மாவட்டத்தைப் பற்றி இரண்டு செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி இடம்பிடிக்கும். ஒன்று, பிளஸ் டூ தேர்ச்சி விகிதம். 2018-இல் மாநிலத்திலேயே முதலிடம் இந்த மாவட்டத்துக்குத்தான். மற்றொன்று, பட்டாசு ஆலை விபத்து. முதலிப்பட்டி (2012), அச்சங்குளம் (2021), ரெங்கபாளையம் (2023), ராமுதேவன்பட்டி (2024), சின்னக்காமன்பட்டி (2025) என்று ஊரும் ஆண்டும் மாறும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். நிவாரண அறிவிப்பு, உரிமம் ரத்து, போர்மேன் கைது, இரண்டு மூன்று நாள் பரபரப்பு, பிறகு தீபாவளி ஆர்டர்.

மூன்றாவதாக ஒரு செய்தி உண்டு. அது அச்சேறுவது அபூர்வம். மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில், செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில், தாணிப்பாறை ராம்நகர் போன்ற குடியிருப்புகளில் பளியர் பழங்குடிகள் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டினார்கள், சாதிச் சான்றிதழ் இல்லாமல் எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்பது தேர்ச்சி விகிதக் கணக்குக்குள் வராது. பரீட்சை எழுதாத பிள்ளை தோற்றதாகக்கூடக் கணக்கில் ஏறாது.

பட்டாசு ஆலைகள் நிறைந்த வெம்பக்கோட்டைக்காரருக்கும் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மலையில் மழை இறங்கினால்தான் வைப்பாற்றில் தண்ணீர். வைப்பாற்றில் தண்ணீர் வந்தால்தான் வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர். அதைவிட நெருக்கமான சம்பந்தமும் உண்டு. பட்டாசுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் பளியர் வீட்டுப் பிள்ளைக்கும் அரசு போட்ட திட்டங்கள் நிறைய இருக்கின்றன. இரண்டு இடத்திலும் திட்டம் கடைசி வீட்டு வாசலுக்குப் பத்தடி முன்பு நின்றுவிடுகிறது. அந்தப் பத்தடியை யார் நடப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பிரித்துக் கொடுத்த பொறுப்பு

1980-களில் இதே மாவட்டத்துச் சிவகாசி என்றாலே வெளியுலகத்துக்குக் குழந்தைத் தொழிலாளர்தான் நினைவுக்கு வந்தார்கள். விடியும் முன்பே ஊர் ஊராக வந்து நிற்கும் கம்பெனி வண்டியில் ஏறி, தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்கி, இருட்டிய பிறகு வீடு திரும்பிய பிள்ளைகள் இன்று இந்த வட்டாரத்தில் தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். இதை எதிர்த்து 1986-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1987-இல் மத்திய அரசு குழந்தைத் தொழிலாளர் பற்றிய தேசியக் கொள்கையை அறிவித்தது. அதையொட்டி வந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதலில் தொடங்கப்பட்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று.

மேத்தாவின் வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பை இன்று திருப்பிப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். தண்டிப்பதோடு அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. பொறுப்பைப் பங்கு பிரித்தது. பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஆளுக்கு 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். முடியாவிட்டால் 5,000 ரூபாயை நிதியில் சேர்க்க வேண்டும். பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். முதலாளிக்கு ஒரு பங்கு, அரசுக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு பங்கு.

தீர்ப்பு சொன்னதெல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்துவிடவில்லை. ஆனாலும் மாற்றம் வந்தது. குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பயிற்சி மையங்களில் சொற்பத் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்த்த ஆசிரியைகள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சத்துணவு இருந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. பெயர் கெட்டுவிட்டால் வெளிநாட்டு ஆர்டர் போய்விடும் என்ற கவலை அச்சகங்களுக்கும் ஆலைகளுக்கும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தான் அடுக்கிய குச்சியைத் தன் மகள் அடுக்கக் கூடாது என்று அம்மாக்கள் வைராக்கியமாக இருந்தார்கள். 2018-இன் முதலிடத்துக்கு இத்தனை பேர் கை கொடுத்திருக்கிறார்கள். தனியாக யாரும் அந்த வெற்றிக்குச் சொந்தம் கொண்டாட முடியாது.

பிள்ளைகள் வேலை செய்வது அறவே ஒழிந்துவிட்டதாகச் சொல்லவும் முடியாது. ஆலைக்குள் நுழைய முடியாத வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்தது. குழாய் உருட்டுவது, திரி வைப்பது, லேபிள் ஒட்டுவது என்று பள்ளி விட்டு வந்த பிள்ளை அம்மாவுக்கு ஒத்தாசை செய்வது போலத் தொடங்கும். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் உதவலாம் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒரு விலக்கு தந்தது உண்மை. அபாயகரமான தொழில்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. வெடிமருந்து இருக்கும் வீட்டில் ஒத்தாசை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிடியரிசி தந்த பாடம்

ஊர் சேர்ந்து பள்ளி நடத்துவது இந்த மண்ணுக்குப் புதிதா? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கோவிலுக்குள்ளும் பொது வீதியிலும் அனுமதி மறுக்கப்பட்ட காலத்தில், விருதுநகர் நாடார் உறவின்முறையினர் வியாபாரத்தில் மகமை என்ற பொதுப் பங்கு எடுத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி வசூலித்தார்கள். உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியே வைப்பது பெண்களின் பங்கு. அதைச் சேர்த்துப் பணமாக்கிப் பள்ளிக்குக் கொடுப்பது சங்கத்தின் பங்கு. அப்படி வளர்ந்த சத்திரிய வித்தியாசாலாவில் படித்த பையன் ஒருவர் பிறகு முதலமைச்சராகி ஊர் ஊராகப் பள்ளி திறந்தார்.

காமராஜர் கதையை இங்கே எல்லாரும் சொல்வார்கள். அவர் பக்கத்தில் நின்ற கல்வியாளரின் கதை அந்த அளவுக்குச் சொல்லப்படுவதில்லை. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு மதிய உணவை ஊர்களின் பொறுப்பாகவும் ஆக்கினார். எட்டயபுரத்தில் 1956-இல் தொடங்கிய அந்தத் திட்டம் முதலில் ஊரார் தந்ததை வைத்தே நடந்தது. பின்னால் அரசு மானியம் வந்தபோது, ஒரு சாப்பாட்டுக்குப் பத்து காசு என்று கணக்கிட்டு, ஆறு காசு அரசு, நாலு காசு ஊர் என்று வைத்தார்கள். 1958-இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. பள்ளிக்கு என்ன தேவை என்று தலைமையாசிரியர் பட்டியல் போடுவார்; பெஞ்சு, கரும்பலகை, கிணறு, சுவர்க் கடிகாரம் என்று ஊரார் ஏற்றுக்கொள்வார்கள். பள்ளியைக் கல்வித் துறையின் சொத்து என்று நினைத்திருந்தவர்கள், தாங்கள் வாங்கிப் போட்ட பெஞ்சில் பிள்ளைகள் உட்காருகிறார்களா என்று எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு கல்வியாளர் அரசுக் கொள்கையில் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான்: நிதி ஒதுக்கீட்டு ஆணைக்குள் ஊருக்கும் ஒரு வரி எழுதி வைப்பது.

இந்தப் பாரம்பரியத்தில் ஒரு குறையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பெருமை மட்டும் பேசினால் அது விழா மேடைப் பேச்சாகிவிடும். மகமை பெரும்பாலும் தன் உறவின்முறைக்குள் எடுக்கப்பட்டது. முதல் கவலை தன் பிள்ளைகளைப் பற்றியது. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் அப்படித் தொடங்கியதில் தவறில்லை. வேறு வழியும் அவர்களுக்கு இருக்கவில்லை. அந்தப் பள்ளி கல்லூரிகளின் கதவு பிறகு எல்லாச் சாதிக்கும் திறந்தது. ஆனால் நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகும், தன் சாதியோ தன் தொழிலோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்காக ஒரு கைப்பிடி எடுத்து வைக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. ஆலை முதலாளிகள் சங்கத்துக்குத் தொழிலாளி பிள்ளையின் படிப்பு 'அரசு விஷயம்'. தொழிற்சங்கத்துக்குப் பளியர் பிரச்சினை 'வனத்துறை விஷயம்'. வனத்துறைக்குச் சாதிச் சான்று 'வருவாய்த் துறை விஷயம்'. பந்து எப்போதும் அடுத்த மேசையில்தான் இருக்கிறது.

திண்டிவனத்துப் பேராசிரியர் செய்தது

வடக்கே திண்டிவனத்தில் இந்தப் பத்தடியை நடந்து காட்டியவர் ஒருவர் உண்டு. அரசுக் கல்லூரிப் பேராசிரியரான கல்யாணி, பிரபா கல்விமணி என்ற பெயரில் அறியப்பட்டவர். 1993-இல் இருளர் பழங்குடி இளம்பெண் ஒருவர் காவலர்களால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானதாக எழுந்த வழக்கில் அவர் அந்தக் குடும்பத்துக்குத் துணை நின்றார். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக உருவானது பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம். பொய் வழக்கு, கொத்தடிமை முறை, பட்டா, சாதிச் சான்று என்று சங்கத்தின் வேலை விரிந்தது. திண்டிவனம் ரோசனையில் தாய்த்தமிழ்ப் பள்ளி ஒன்றையும் அவர் நடத்தினார். இருளர் குடும்பத்தின் கதை சொன்ன 'ஜெய் பீம்' படம் வந்த 2021-இல் நடிகர் சூர்யா இருளர் கல்விக்காக ஒரு கோடி ரூபாய் தந்தபோதுதான் பல பேருக்கு இந்த வேலையைப் பற்றித் தெரிந்தது. அதற்குள் கல்விமணி கால் நூற்றாண்டுக்கு மேல் மனு எழுதியிருந்தார்.

மனு எழுதுவது என்று சொல்வதைக் குறைத்து நினைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான சான்றைத் தாசில்தார் தரலாம். பழங்குடிச் சான்றுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் வரை போக வேண்டும். இ-சேவை மையத்தில் பதிவு செய்ய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை வேண்டும். வருவாய் ஆய்வாளர் விசாரணை வேண்டும். அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழோ ரத்த உறவினரின் பழைய சாதிச் சான்றோ இருந்தால் வேலை சுலபம். பள்ளிக்கே போகாத அப்பாவிடம் மாற்றுச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? போலிச் சான்று வாங்குவோரைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் கடுமையான விசாரணை முறையை வகுத்தது. அது தேவையான முறைதான். ஆனால் போலியைத் தடுக்கப் போட்ட சல்லடையில் உண்மையான பழங்குடிப் பிள்ளை சிக்கிக்கொள்கிறது. கூலிக்குப் போகாமல் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. பஸ் செலவு தனி. அதிகாரி கேம்ப் போயிருந்தால் மறுபடியும் அதே செலவு. இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்த எந்தக் குடும்பமும், 'படிச்சது போதும், தோப்புக் காவலுக்குப் போ' என்று சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கல்விமணியின் முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். சான்றிதழ், பட்டா, பள்ளி மூன்றையும் அவர் தனித்தனித் துறைகளாகப் பார்க்கவில்லை. பட்டா இல்லாத குடும்பம் செங்கல் சூளைக்குப் பெயரும். பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை பள்ளியிலிருந்து நிற்கும். நின்ற பிள்ளைக்குச் சான்றிதழ் கேட்டு வாங்கும் தெம்பு வராது. எங்கே தொட்டாலும் மற்ற இரண்டும் கூடவே வரும். எனவே மூன்றையும் சேர்த்தே கேட்டார்.

விருதுநகருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1992 முதல் 1998 வரை இருந்த வே. வசந்தி தேவியும் இதே வழியில் வந்தவர். பதவிக்குப் பிறகு மாநில மகளிர் ஆணையத் தலைவராகவும் அரசுப் பள்ளிகளுக்காகப் பேசியவராகவும் இருந்து 2025 ஆகஸ்டில் மறைந்தார். பதவி முடிந்தபின் பொதுவேலை தொடங்கும் என்று வாழ்ந்து காட்டிய ஒருவர். இப்படி ஒருவர் இருவர் இருப்பது அந்தப் பகுதியின் அதிர்ஷ்டம். ஒரு கல்விமணி கிடைத்தால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்றால் அதைக் கொள்கை என்று சொல்ல முடியாது. அவர் ஒருவராகச் சுமந்ததை ஊர் பிரித்து எடுத்துக்கொள்வதுதான் அடுத்த படி.

மலைக்காகப் பேசத் தெரிந்த சட்டம்

இந்திய அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் இல்லை. அதனால் பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே பொருந்தாது. பளியருக்கு எஞ்சியிருக்கும் வலுவான கருவி 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். தேன், நெல்லிக்காய், கடுக்காய் போன்ற சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை. ஏற்கெனவே குடியிருந்து பயிர் செய்த நிலத்துக்கு உரிமை. காட்டைக் காக்கும் சமூக உரிமை. இதற்கெல்லாம் தொடக்கப் புள்ளி கிராம சபை. 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைக் கிராம சபைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

2021 பிப்ரவரியில் இந்த மலையில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 1988 முதலே சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கும் காடு அது. புலி இருந்தால் காடு இருக்கும், காடு இருந்தால் வைப்பாற்றுக்குத் தண்ணீர் இருக்கும் என்று வனத்துறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் இருந்தபோதும் புலி இருந்தது என்று பளியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நியாயத்தையும் எதிரெதிரே நிறுத்தாமல் ஒரே மேசையில் வைக்கச் சட்டமே வழி சொல்லியிருக்கிறது. உரிமைகளை அங்கீகரிக்கும் வேலையை முடித்த பிறகே, அதுவும் கிராம சபையின் முழுச் சம்மதத்தோடுதான், குடியிருப்புகளை இடம் மாற்றுவது பற்றிப் பேச முடியும். இதைக் கிராம சபையில் எடுத்துப் படித்துக் காட்ட ஒரு ஆசிரியர் போதும்.

பள்ளிக்கூடத்துக்குள்ளும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். 1960-களில் தமிழகத்து மலைகளில் பளியரோடு தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் ஒன்றைக் கவனித்து எழுதினார். பளியர் ஒருவரை ஒருவர் அதிகாரம் செய்வதில்லை. பெற்றோர் பிள்ளையை அதட்டி மிரட்டி வளர்ப்பதில்லை. மனத்தாங்கல் வந்தால் சண்டைக்கு நிற்காமல் விலகிப் போய்விடுவார்கள். இப்படி வளர்ந்த பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தி நாலு பேர் முன்னால் திட்டினால் அந்தப் பிள்ளை அழாது, எதிர்த்துப் பேசாது, மறுநாள் வராது. பதிவேட்டில் 'இடைநிற்றல்' என்று எழுதுவோம். தன் வீட்டு முறைப்படி ஒரு பிள்ளை மரியாதையாக விலகிப் போயிருக்கிறது என்று புரிந்துகொள்ள நமக்கு இன்னும் தெரியவில்லை. அடிக்காத, கத்தாத ஆசிரியர் ஒருவரை அந்தப் பள்ளியில் ஐந்து வருடம் மாற்றாமல் வைப்பது புதிய கட்டடத்தைவிடப் பெரிய திட்டம்.

பள்ளியால் நன்மை மட்டுமே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களில்தான். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் அந்தக் கொடுமையைப் பண்பாட்டு இனக்கொலை என்றே பெயரிட்டது. நியூசிலாந்தில் மாவோரிகள் 1982-இல் வேறு வழியைத் தேர்ந்தார்கள்: தாத்தா பாட்டிகளே வந்து குழந்தைகளோடு தங்கள் மொழியில் பேசும் மழலையர் கூடங்களைச் சமூகமே நடத்தியது. முதலாவது பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தது. இரண்டாவது வீட்டையே பள்ளிக்குள் அழைத்து வந்தது. நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது பளியர் பெரியவர் ஒருவர் நம் பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறாரா என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆட்சேபங்களும் பதில்களும்

ஆசிரியர்கள் கேட்பார்கள்: எமிஸ் இணையதளப் பதிவு, கணக்கெடுப்பு, தேர்தல் பணி, இதோடு இதுவும் எங்கள் தலையிலா? கேள்வி நியாயமானது. அதனால்தான் பொறுப்பைப் பிரிக்கச் சொல்கிறோம். ஆசிரியர் செய்ய வேண்டியது யார் வரவில்லை என்று அடையாளம் காட்டுவது மட்டும். வீடு தேடிப் போவது மேலாண்மைக் குழுவின் வேலை.

ஆலைக்காரர்கள் கேட்பார்கள்: பேரியம் நைட்ரேட்டுக்குத் தடை, சரவெடிக்குத் தடை என்று 2018 முதல் தொழிலே ஆட்டம் கண்டிருக்கிறது, இன்னும் என்ன கேட்கிறீர்கள்? அவர்களிடம் கேட்பது பெரிய தொகை எதுவுமில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கும் தாய் கூட்டத்துக்குப் போகும் அரை நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். இந்த வட்டாரத்தில் அந்தப் பெண்களில் பலர் வேலை பார்ப்பது பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆலையிலோதான். கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் என்றால், பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பெண் போக மாட்டார். கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வந்து வாங்கிப் போவார்கள். சட்டம் தந்த அதிகாரம் கூலிப் பிடித்தத்தில் கரைந்துபோகிறது.

பெற்றோர் கேட்பார்கள்: படித்தால் வேலை கிடைக்குமா? இதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்தால், மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மகனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000 ரூபாய் என்பது உறுதி. பழங்குடி மாணவருக்கு உதவித்தொகை தனி. வெடி விபத்தில் இறந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை ஆகும் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகர் விழாவில் முதலமைச்சர் அறிவித்தார். முதல் கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்குவதாகவும் சொன்னார். அது நல்ல அறிவிப்பு. அதைப் பெறத் தகுதியுள்ள பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஆட்சியர் அலுவலகத்துக்கு யார் சொல்வது? அப்பா இறந்தபின் அம்மா வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்ட பிள்ளையை யார் தேடுவது? அந்த இடத்தில்தான் ஊர்ப் பங்கு தொடங்குகிறது.

ஒரு பட்டியல், ஆறு பேர்

வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் அகழாய்வு நடந்தது. அங்கே ஒரு கண்ணாடி மணி கிடைத்தாலும், சங்கு வளையல் துண்டு கிடைத்தாலும், எந்தக் குழியில், எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில், எந்தத் தேதியில் என்று எழுதி, எண் போட்டு, உறையில் போட்டு வைத்தார்கள். அப்படி வைத்தால்தான் அது சான்று. இல்லாவிட்டால் வெறும் மணி. அதே ஒழுங்கோடு உயிருள்ள பிள்ளைகளுக்கு ஒரு பட்டியல் போட முடியாதா?

ஒவ்வொரு ஊராட்சியிலும் 3 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளில் உதவி தேவைப்படுவோரின் பட்டியல் ஒன்று வேண்டும். பள்ளிக்கு வராதவர், விபத்தில் பெற்றோரை இழந்தவர், சாதிச் சான்று இல்லாதவர், ஆதாரோ வங்கிக் கணக்கோ சரியாக இல்லாமல் உதவித்தொகை நின்றவர் என்று நான்கே நிரல். பிள்ளைகளின் விவரத்தைச் சுவரில் ஒட்டக் கூடாது. குழுவின் பொறுப்பில் பத்திரமாக இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலை வைத்து ஆறு பேர் ஆளுக்கொன்று ஏற்றுக்கொள்ளலாம். தலைமையாசிரியர் பெயர்களைத் தருவார். மேலாண்மைக் குழுப் பெற்றோர் வீடு தேடிப் போவார்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகமும், மே மாதச் சேர்க்கைக்கு முன்பே, மலையடிவாரக் குடியிருப்புக்கே வந்து சான்றிதழ் முகாம் நடத்துவார்கள். ஓடிபி வருவதற்குச் சிக்னல் இல்லாத இடத்தில் இணையவழி விண்ணப்பம் என்பது கேலிதான். ஆள் வந்தால்தான் காரியம் ஆகும். ஆலை நிர்வாகங்கள் தாய்மாருக்குச் சம்பளத்தோடு அரை நாள் தரும். விபத்துக் குடும்பங்களின் விவரத்தைத் தாமாகவே ஆட்சியரிடம் கொடுக்கும். சிவகாசியிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் உள்ள கல்லூரிகள் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை மனு எழுதவும் இ-சேவை மையத்துக்குத் துணைக்குப் போகவும் அனுப்பும். பளியர் குடியிருப்புகளில் பத்தாவது, பிளஸ் டூ முடித்த இளைஞர் ஒருவர் மதிப்பூதியத்தோடு இந்த வேலை முழுவதையும் ஒருங்கிணைப்பார். ஆறாவது ஆள்தான் முக்கியம். வெளியிலிருந்து போகும் யாரும் அவர் இடத்தை நிரப்ப முடியாது. அவரை வேலைக்கு வைக்காமல் செய்யும் எதுவும் தானம்தான், அதிகாரம் ஆகாது.

இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். புதிய துறை வேண்டாம். கட்சி வித்தியாசமும் குறுக்கே வராது. இதில் எந்தக் கட்சிக்கும் நஷ்டமில்லை. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் எதிலும் தீர்மானம் கொண்டுவர எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு. வெம்பக்கோட்டை ஒன்றியத்தின் ஊராட்சிகளும் மலையடிவார ஊராட்சிகளும் ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம் போடட்டும்: இந்த ஊரில் உதவி தேவைப்படும் பிள்ளைகள் இத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் இன்னார் பொறுப்பு, இந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும். பொறுப்பேற்றவர் பெயர் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேட்க நமக்கு ஒரு கேள்வி கிடைத்துவிடும்: யாருடைய வேலை முடிந்தது, யாருடையது முடியவில்லை, முடியாததற்கு நாம் என்ன செய்யப் போகிறோம்?